சார்பு கிராஃப் வரைந்தால் நூல்கண்டுதான் வருகிறது: படிக்கிற மாதிரி ஆக்குவது எப்படி?

#1 அம்புக்குறி

ஒரு நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) திட்டத்தின் லாக்ஃபைலை, அதாவது எந்த பேக்கேஜ் எந்தப் பதிப்பில் நிறுவப்படும் என்ற பட்டியலைப் படித்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதை டாட் கோப்பாக்கும் (கிராஃப்விஸ் படம் வரையப் படிக்கும் உரைக்கோப்பு) சிறு ஸ்கிரிப்ட் இருக்கிறது. வெளியீட்டில் 1,412 கணுக்கள் (பேக்கேஜ்கள்), 5,870 அம்புகள் (சார்புகள்). கிராஃப்விஸின் டாட் கட்டளையிடம் கொடுத்தால் இருபது நிமிடம் ஆகியும் ப்ராம்ப்ட் திரும்பவில்லை. கிராஃப்விஸின் இன்னொரு இன்ஜினான நீட்டோ முடித்துக் கொடுக்கிறது, ஆனால் வருவது சிக்கு விழுந்த நூல்கண்டு. பிஎன்ஜி கேட்டால் படம் பெரிது, சுருக்குகிறேன் என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. பெரிதாக்கினாலும் பெயர்கள் எறும்பு ஊர்ந்த மாதிரிதான்.

எந்த இன்ஜின் சரி? படத்தை எப்படிக் குறைப்பது? அடுத்து இதே வேலையை ஒரு டெபியன் சர்வருக்கும் செய்ய வேண்டும். அங்கே தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா?

#2 சுழிப்பொறி

இன்ஜின் இருக்கட்டும். அந்தப் படத்திடம் என்ன கேட்கப் போகிறீர்கள்? சார்பு கிராஃபிடம் பெரும்பாலும் மூன்று கேள்விதான் கேட்பார்கள்:

இந்த பேக்கேஜ் ஏன் உள்ளே வந்தது?
இதை எடுத்தால் கூடவே எவை போகும்?
வளையம் (சுற்றி வந்து தன்னையே சார்ந்திருப்பது) எங்கே இருக்கிறது?

ஒவ்வொன்றுக்கும் வேண்டிய துண்டு வேறு. முழுப் படம் மூன்றில் எதற்கும் பதில் சொல்லாது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். வேரிலிருந்து, அதாவது திட்டத்தையே குறிக்கும் கணுவிலிருந்து, முன்னோக்கிப் போய் எட்டக்கூடிய கணுக்கள் ஒரு கூட்டம். சந்தேகப்படும் பேக்கேஜிலிருந்து அம்புகளைத் திருப்பிப் போட்டுப் பின்னோக்கிப் போய் எட்டக்கூடியவை இன்னொரு கூட்டம். இரண்டிலும் இருப்பவற்றை மட்டும் வைத்து, அவற்றுக்கு இடையிலான அம்புகளை வரையுங்கள். ஆயிரத்துச் சொச்சம் கணு பெரும்பாலும் சில பத்துகளுக்கு இறங்கிவிடும்.

இதற்கு ஸ்கிரிப்ட் கூட வேண்டியதில்லை. நோட்டின் என்பிஎம்மில் எக்ஸ்பிளெயின், ரஸ்ட்டின் கார்கோவில் ட்ரீ கட்டளையோடு இன்வர்ட் தெரிவு, ஆர்ச் லினக்ஸில் பேக்ட்ரீயின் ரிவர்ஸ் தெரிவு, ஜாவாவின் கிரேடிலில் டிபென்டன்சி-இன்சைட், நிக்ஸில் வொய்-டிபெண்ட்ஸ். கோ மொழியின் மாட் வொய் மட்டும் ஒரே ஒரு குறுகிய பாதையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதை நம்பி ஒரு சார்பை வெட்டினால், வேறு வழியாக அதே மாட்யூல் திரும்ப வந்து நிற்கும்.

#3 கரும்பலகை

டாட் ஏன் திணறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணினியின் மேல் பழி விழும்.

டாட் நான்கு கட்டங்களில் வேலை செய்கிறது. முதலில் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு அடுக்கு ஒதுக்கும். அடுத்து, ஒரே அடுக்கில் உள்ளவற்றை அம்புகள் குறைவாக வெட்டிக்கொள்ளும்படி வரிசைப்படுத்தும். பிறகு துல்லியமான இடம். கடைசியில் வளைகோடு. அடிப்படை யோசனை 1981-இல் சுகியாமா, தகாவா, தோடா மூவரும் எழுதிய கட்டுரையில் வந்தது. டாட் இன்று பின்பற்றும் முறை 1993-இல் வெளியானது.

சிக்கல் இரண்டாம் கட்டத்தில். ஓர் அம்பு எட்டு அடுக்கு தாண்டிப் போனால், நடுவில் ஏழு பொய்க்கணுக்களை டாட் செருகிக்கொள்ளும். உங்கள் 5,870 அம்புகளில் நீளமானவை எத்தனையோ அத்தனைக்கும் இதே கதை. அது உண்மையில் மல்லுக்கட்டுவது 1,412 கணுவோடு அல்ல, அதைப்போலப் பல மடங்கோடு.

வெர்போஸ் தெரிவைக் கொடுத்து ஓட்டினால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். வளைகோட்டில் நின்றால் ஸ்ப்லைன்ஸ் பண்பை லைன் என்று மாற்றுங்கள், உடனே வித்தியாசம் தெரியும். ஆர்த்தோ என்று போட்டுவிடாதீர்கள், நிலைமை மோசமாகும். அடுக்கு ஒதுக்குவதில் நின்றால் என்எஸ்லிமிட்1, வரிசைப்படுத்துவதில் நின்றால் எம்சிலிமிட். இரண்டையும் குறைத்து வைத்தால் படம் சற்று அழகு குறைந்து வரும், ஆனால் வரும்.

பிஎன்ஜி எச்சரிக்கைக்குக் காரணம், கெய்ரோ வரைபொறி ஒரு பக்கத்தில் 32,767 பிக்சலுக்கு மேல் போகாது. எஸ்விஜி எடுங்கள். உலாவியில் தேடல் பெட்டியால் பெயரைத் தேடவும் முடியும். பேக்கேஜ் பெயர்கள் நீளமானவை என்பதால் ரேங்க்டிர் பண்பை எல்ஆர் என்று வைத்து இடமிருந்து வலமாக ஓடவிடுங்கள். அகலம் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

மொத்தத்தையும் ஒரு பார்வை பார்த்தே தீர வேண்டுமென்றால் எஸ்எஃப்டிபி இன்ஜின், ஓவர்லாப் பண்பு ப்ரிஸம். அதில் அம்பின் திசை கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பகுதி அடர்த்தி என்பது மட்டும் தெரியும்.

#4 வெட்டிவேர்

டி-ரெட் போட்டுப் பாருங்க. கிராஃப்விஸோடயே வர்ற கருவி. அ-விலிருந்து இ, இ-யிலிருந்து உ, அப்புறம் அ-விலிருந்து நேரா உ-வுக்கும் ஒரு அம்பு இருக்குன்னா, அந்தக் கடைசி அம்பை எடுத்துடும். எட்டக்கூடியது எதுவும் மாறாது, கோடு மட்டும் பாதிக்கு மேல குறையும்.

#5 அம்புக்குறி

போட்டாயிற்று. 5,870 அம்பு 2,130 ஆகக் குறைந்தது. ஆனால் கிராஃபில் வளையம் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது. இரண்டு முறை ஓட்டியதில், ஸ்கிரிப்ட் வேறு வரிசையில் எழுதிய கோப்புக்கு வேறு விடை வந்தது. இது சரிதானா?

#6 சுழிப்பொறி

வளையம் இருந்தால் அந்தச் சுருக்கத்துக்கு ஒரே விடை என்பது கிடையாது. எந்த அம்பை முதலில் பார்த்தது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் வளையங்களை முதலில் மடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றை எட்டி, திரும்பவும் வர முடிகிற கணுக்களை ஒரே பெட்டியாக்குங்கள். அப்படி மடித்த பிறகு மிஞ்சுவதில் வளையம் இருக்கவே இருக்காது. டார்ஜன் 1972-இல் தந்த முறை கணுக்களையும் அம்புகளையும் ஒரே ஒரு தடவை சுற்றி வந்து இதைச் செய்துவிடும். ஆயிரக்கணக்கில் இருந்தாலும் கண் இமைக்கும் நேரம்தான்.

கிராஃப்விஸில் எஸ்சிசிமேப் கருவி வளையக்கூட்டங்களைப் பிரித்துத் தரும். பைத்தானில் என்றால் நெட்வொர்க்எக்ஸின் கண்டென்சேஷன். அதற்குப் பிறகு அதே நூலகத்தின் டிரான்சிடிவ் ரிடக்ஷன். வளையத்தோடு கொடுத்தால் அது பிழை சொல்லி நின்றுவிடும், அது நல்லதுதான். ஒன்று கவனியுங்கள்: திரும்பி வரும் கிராஃபில் கணுவிலும் அம்பிலும் நீங்கள் ஒட்டி வைத்த நிறம், பதிப்பு, அளவு எதுவும் இருக்காது. பழையதிலிருந்து நகலெடுத்து மறுபடி ஒட்ட வேண்டும்.

வெட்டிவேர் சொன்னதில் ஒரு திருத்தம். நீக்கிய அந்த அம்பு பொய்யானது அல்ல, அ உண்மையிலேயே உ-வை நேரடியாகக் கேட்கிறது. இ-யை எடுத்துவிட்டால் உ-வும் போய்விடும் என்று சுருக்கிய படத்தைப் பார்த்து முடிவு கட்டினால் தவறு. "ஏன் வந்தது" என்ற கேள்விக்கு மட்டும் டி-ரெட், "எடுத்தால் என்ன போகும்" என்பதற்குக் கூடாது.

#7 கணக்கர்

வளையத்தை மடிப்பதற்கு முன்னால் அவை உண்மையான வளையங்கள்தானா என்று பாருங்கள். அம்புக்குறி, உங்கள் ஸ்கிரிப்ட்டில் கணுவின் அடையாளம் என்ன? வெறும் பெயரா, பெயரும் பதிப்புமா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என்பிஎம் ஒரே பேக்கேஜின் பல பதிப்புகளை அக்கம்பக்கத்தில் வைத்துக்கொள்ள விடும். உண்மையில் இருப்பது இப்படி என்று வையுங்கள்:

"ஏ@2" -> "பி@1"
"பி@1" -> "ஏ@1"

இதில் வளையம் இல்லை. பதிப்பை உதறிவிட்டால் "ஏ" -> "பி", "பி" -> "ஏ" என்று ஆகிவிடும். இல்லாத வளையம் முளைத்துவிட்டது. அதை மடித்தால் அதோடு தொடர்புடைய நாலைந்து கணுக்களும் சேர்ந்து உள்ளே போய்விடும்.

லாக்ஃபைலைப் படிப்பதிலேயே இன்னொரு குழி உண்டு. லாக்ஃபைல் பதிப்பு 2, 3 இரண்டிலும் பேக்கேஜஸ் என்ற பகுதியில் சாவியாக இருப்பது பெயர் அல்ல, நோட்-மாட்யூல்ஸ் அடைவில் அது உட்கார்ந்திருக்கும் பாதை. ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருக்கும் சார்புகள் எல்லை மட்டும்தான் சொல்கின்றன, 4.1-இலிருந்து 5-க்குள் என்பது மாதிரி. எந்தக் கணுவுக்கு அம்பு போக வேண்டும் என்பதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பேக்கேஜின் சொந்த நோட்-மாட்யூல்ஸ் அடைவில் முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு படி மேலே, அங்கும் இல்லையென்றால் இன்னொரு படி மேலே, வேர் வரை. நோட் இயங்கும்போது தேடுவதும் இப்படித்தான். எல்லையைப் பார்த்து நீங்களாகவே பதிப்பைப் பொருத்தினால் சில அம்புகள் தவறான பதிப்பில் போய் விழும்.

மற்ற இடங்களில் அடையாளம் எங்கே இடறும் என்பதையும் போட்டுவிடுகிறேன்.

பைத்தானில் பெயரை ஒருமைப்படுத்த வேண்டும்: எல்லாம் சிறிய எழுத்து, அடிக்கோடு, புள்ளி, இடைக்கோடு ஆகியவை தொடர்ச்சியாக எத்தனை வந்தாலும் ஒரே இடைக்கோடு. பைத்தானின் பெப் 503 தரநிலை சொல்வது இது. செய்யாவிட்டால் ஒரே பேக்கேஜ் இரண்டு கணுவாக நிற்கும், ஒன்று அநாதையாக. மெட்டாடேட்டாவில் எக்ஸ்ட்ரா நிபந்தனையோடு (விரும்பினால் மட்டும் நிறுவுவது) எழுதியிருக்கும் சார்புகளை மதிப்பிடாமல் அப்படியே அம்பாக்கினால், யாரும் நிறுவாத சோதனைக் கருவிகளெல்லாம் படத்தில் வந்து உட்காரும். பிப்டெப்ட்ரீ கருவி நிறுவப்பட்டதைத்தான் பார்க்கிறது என்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது தான் ஓடும் சூழலைப் பார்க்கும். வேறு மெய்நிகர் சூழலைப் பார்க்க வேண்டுமென்றால் பைத்தான் தெரிவில் அதன் பாதையைக் கொடுக்க வேண்டும்.

கோ மொழியில் மாட் கிராஃப் கட்டளை வரிக்கு ஒரு அம்பாக அழகாகக் கொடுக்கும். அதில் இருப்பவை கேட்கப்பட்ட பதிப்புகள் அனைத்தும், தேர்ந்தெடுக்கப்பட்டவை மட்டும் அல்ல. ஒரே மாட்யூல் ஐந்து பதிப்பில் தெரிந்தால் பதற வேண்டாம், பைனரிக்குள் போவது ஒன்றுதான். மாட்கிராஃப்விஸ் கருவி தேர்வானதையும் ஆகாததையும் நிறத்தால் பிரித்துக் காட்டும்.

ஜாவாவின் மேவனில் டிபென்டன்சி-ட்ரீ வெளியீட்டை டாட் வடிவில் எடுக்கலாம். வெர்போஸ் போடாமல் எடுத்தால் அது மரம், கிராஃப் அல்ல. ஒவ்வொரு ஆர்ட்டிஃபாக்டும் (மேவன் பேக்கேஜை அழைக்கும் பெயர்) ஒரே ஓர் இடத்தில், வேருக்கு மிக அருகில் உள்ளது வெல்லும் என்ற விதிப்படி. மற்ற அம்புகள் எல்லாம் காணாமல் போயிருக்கும். அதை வைத்து "யார் யார் இதைக் கேட்கிறார்கள்" என்று பார்த்தால் பதில் எப்போதும் ஒருவர்தான். கிரேடில் இயல்பாக மிக உயர்ந்த பதிப்பை எடுக்கும் என்பதால் இரண்டு கருவியின் படமும் ஒத்துப்போகாது.

#8 அம்புக்குறி

வெறும் பெயர்தான் வைத்திருந்தது. பெயர்@பதிப்பு என்று மாற்றி, பாதை வழியாக மேலேறித் தேடும்படி திருத்தியதும் கணுக்கள் 1,655 ஆயின. வளையக்கூட்டங்கள் 37-இலிருந்து 4 ஆகிவிட்டன. அந்த நான்கிலும் இரண்டிரண்டு பேக்கேஜ்தான்.

#9 கணக்கர்

அப்படியானால் 33 உங்கள் ஸ்கிரிப்ட் செய்த வளையம். இரண்டிரண்டாக வரும் நான்கும் பெரும்பாலும் பீர் சார்பாக இருக்கும்: செருகுநிரல் மையத்தைக் கேட்கும், மையம் செருகுநிரலைக் கேட்கும். பீர் அம்புகளைப் புள்ளிக்கோடாக்கி, கன்ஸ்ட்ரெய்ன்ட் பண்பை ஃபால்ஸ் என்று வைத்தால் அடுக்கு ஒதுக்குவதில் அவை தலையிடாது.

#10 மரப்பெட்டி

டெபியன் பக்கம் யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

ஆப்ட்-கேஷ் டாட்டி கட்டளை உண்டு, ஆனால் அதை அப்படியே ஓட்டினால் உலகத்தையே இழுத்து வரும். டெபியன் 12 வெளியானபோதே 64,419 பேக்கேஜ். கிவன்-ஒன்லி அமைப்பை வைத்தால் நீங்கள் கொடுத்த பெயர்களுக்குள் மட்டும் வரையும். வடிவங்களுக்கு அர்த்தம் உண்டு, தெரியாமல் படிக்கக்கூடாது. பெட்டி சாதாரண பேக்கேஜ், முக்கோணம் பெயருக்கு மட்டும் இருக்கும் மெய்நிகர் பேக்கேஜ், வைரம் இரண்டும் கலந்தது, அறுகோணம் கிடைக்காதது. நீலக்கோடு முன்சார்பு, அதாவது முதலிலேயே நிறுவியாக வேண்டியது. பச்சைக்கோடு முரண்பாடு, அதாவது சார்புக்கு நேர் எதிர். பச்சையைப் பார்த்துச் சார்பு என்று எண்ணிக்கொள்பவர்கள் நிறைய. ஆரஞ்சுப் பெட்டி என்றால் அங்கே தேடலை நிறுத்திவிட்டது என்று பொருள், அதற்குச் சார்பு இல்லை என்றல்ல.

வசதியானது டெப்ட்ரீ என்ற கருவி. ஆழத்துக்கு வரம்பு வைக்கலாம், பரிந்துரைகளை விலக்கலாம், தலைகீழ்ச் சார்பும் எடுக்கலாம். எல்லோரும் சார்ந்திருக்கும் சில பேக்கேஜ்களை அது இயல்பாகவே மறைத்தோ, அதற்கு மேல் போகாமலோ விட்டுவிடும். படம் சுத்தமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். மறைத்ததும் வேண்டுமென்றால் ஷோ-ஆல் தெரிவு.

உங்கள் சர்வருக்கு நான் பரிந்துரைப்பது வேறு. டிபிகேஜி-கொய்ரியில் பேக்கேஜ், டிபெண்ட்ஸ், ப்ரீ-டிபெண்ட்ஸ், ரெகமெண்ட்ஸ், ப்ரொவைட்ஸ் புலங்களை மட்டும் கேட்டு வாங்கி நீங்களே வரையுங்கள். நிறுவப்பட்டவை மட்டும் என்பதால் பெரும்பாலும் சில நூறுதான் வரும். அப்போதும் இடறும் இடம் ஒன்று உண்டு: குத்துக்கோடு. "எக்ஸிம் அல்லது ஏதோ ஒரு அஞ்சல் முகவர்" என்று ஒரே சார்பில் மாற்று எழுதியிருப்பார்கள். அதை இரண்டு அம்பாக்கினால் இரண்டும் வேண்டும் என்று படம் சொல்லும். அது பொய். ஒன்று, நிறுவப்பட்டிருப்பதை மட்டும் வைத்து மற்றதை விடுங்கள். அல்லது நடுவில் ஒரு சிறு வைரக்கணு போட்டு அதிலிருந்து கிளைகளை இழுங்கள். மெய்நிகர் பெயர்களுக்கும் இதே வைரம் போதும்.

இங்கே உண்மையான வளையமும் பார்க்கலாம்:

"லிப்சி6" -> "லிப்ஜிசிசி-எஸ்1"
"லிப்ஜிசிசி-எஸ்1" -> "லிப்சி6"

இது பிழையல்ல, டிபிகேஜி இதை எங்கே அறுக்க வேண்டும் என்று தெரிந்தே நிறுவும். ஆனால் எல்லாமும் லிப்சியை (சி மொழியின் அடிப்படை நூலகம்) சார்ந்திருப்பதால், அதை வைத்திருக்கும் வரை படம் துடைப்பம் மாதிரிதான் இருக்கும். கணுவைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, ஓரத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

ஃபெடோரா வகையில் இன்னொரு படி கூடுதல். ஆர்பிஎம்மில் சார்பு பேக்கேஜின் பெயரைக் கேட்பதில்லை, ஒரு திறனைக் கேட்கும். கோப்புப் பாதையாகவோ லைப்ரரியின் பெயராகவோ இருக்கலாம். ரெபோகொய்ரியில் ரிசால்வ் தெரிவு (டிஎன்எஃப்5-இல் அதற்குப் பதில் ப்ரொவைடர்ஸ்-ஆஃப்) போட்டால்தான் பேக்கேஜ் பெயராக மாறி வரும்.

#11 வெட்டிவேர்

நான் கொஞ்சம் மாறுபடுறேன். நூறு கணுவைத் தாண்டினா அம்பு போட்ட படமே வேண்டாம், கட்டம் போடுங்க. வரிசையிலும் நெடுவரிசையிலும் அதே பேக்கேஜ்கள், சார்பு இருக்கிற இடத்துல ஒரு புள்ளி. ஸ்டூவர்ட் 1981-லயே பொறியியல் வடிவமைப்புக்கு எழுதினது இது. வரிசையைச் சார்பு முறைப்படி அடுக்கினா புள்ளி எல்லாம் மூலைவிட்டத்துக்கு ஒரே பக்கமா விழும். மறுபக்கம் ஒரு புள்ளி தெரிஞ்சா அங்க வளையம். கோடு கோட்டை வெட்டுற பேச்சே இல்ல.

மரமா விரிச்சுப் பார்க்கிறதும் ஆபத்துதான். ஒரு பேக்கேஜ் ரெண்டைக் கேட்டு, அந்த ரெண்டும் ஒரே ஒண்ணைக் கேட்கிற வைர அமைப்பு 20 அடுத்தடுத்து வந்தா, கடைசிக் கணு மரத்துல 10,48,576 தடவை வரும். அதனாலதான் கார்கோ ட்ரீ ஒரு தடவை காட்டினதுக்கு நட்சத்திரம் போட்டுட்டு நகர்ந்துடுது. அந்த வெளியீட்டை அலசுற ஸ்கிரிப்ட் எழுதுறவங்க நட்சத்திரத்தை இலைன்னு நினைச்சிடக் கூடாது.

#12 கரும்பலகை

கட்டத்தில் வளையம் தெரியும் என்பது சரி. பாதை தெரியாது. "வேரிலிருந்து இதற்கு எப்படி வந்தேன்" என்று கட்டத்தில் தேட விரலை மேலும் கீழும் ஓட்ட வேண்டும். திட்டத்தின் சொந்த மாட்யூல்களுக்குக் கட்டம், வெளிப் பேக்கேஜுக்கு வெட்டிய கிராஃப் என்பது என் கணக்கு.

#13 சுழிப்பொறி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: எதை எடுத்தால் எவ்வளவு இடம் மிச்சம்? இதில்தான் அதிகம் பேர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். சின்னதாக ஒன்று:

வேர் -> அ, வேர் -> இ
அ -> ச, அ -> ப
இ -> ச

அளவு: அ 2, இ 3, ச 40, ப 5 எம்பி. மரமாகக் கூட்டினால் அ-வின் கீழ் 47, இ-யின் கீழ் 43, மொத்தம் 90. வட்டில் இருப்பதோ 50தான். அ-வை எடுத்தால் 47 மிச்சமா? இல்லை, 7. ச-வை இ-யும் கேட்கிறதே.

இதற்குரிய அமைப்பு டாமினேட்டர் மரம். வேரிலிருந்து ச-வுக்குப் போகும் எல்லாப் பாதையும் கட்டாயம் கடந்தாக வேண்டிய கடைசிக் கணு எதுவோ அதுதான் ச-வின் பெற்றோர். இங்கே அது வேரே. ப-வின் பெற்றோர் அ. இந்த மரத்தில் கீழிருந்து மேலாக அளவைக் கூட்டினால் ஒவ்வொரு கணுவிலும் வரும் எண்தான் அதை எடுத்தால் கிடைக்கும் மிச்சம். லெங்காவர், டார்ஜன் இருவரின் 1979 முறை இதை வேகமாகச் செய்யும். நெட்வொர்க்எக்ஸில் இமீடியட் டாமினேட்டர்ஸ் என்ற ஒரே செயற்கூறு. வளையம் இருந்தாலும் பரவாயில்லை, மடிக்க வேண்டியதில்லை. டி-ரெட் போட்டதை மட்டும் இதற்குக் கொடுக்கக் கூடாது.

இந்த மரத்தைச் சதுரங்கள் உள்ளே சதுரங்களாக, பரப்பளவு எம்பிக்கு ஏற்ப வரைந்தால் அம்பே இல்லாமல் பதில் கண்ணில் படும். அ, இ இரண்டையும் சேர்த்து எடுத்தால் ச-வும் போகும் என்பதை மட்டும் அது காட்டாது. கூட்டாக எடுப்பதற்கு அந்தக் கணுக்களை நீக்கிவிட்டு வேரிலிருந்து மறுபடி எட்டிப் பார்க்க வேண்டும்.

டெபியனில் மாற்றுச் சார்புகள் இருப்பதால் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அங்கே ஆப்ட்டின் சிமுலேட் தெரிவோடு ரிமூவ், ஆட்டோரிமூவ் ஓட்டிப் பார்ப்பதே நம்பகம்.

#14 மூலநிரல்

டாட் கோப்பு எழுதுபவர்கள் மாட்டும் இடங்கள், சுருக்கமாக. எல்லாப் பெயரையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், விதிவிலக்கே வேண்டாம். மேற்கோள் இல்லாமல் இடைக்கோடோ கூட்டல் குறியோ வந்தால் இலக்கணப் பிழை. பெயர் எண்ணில் தொடங்கினால் இன்னும் வேடிக்கை. டெபியனில் பூஜ்யம்-ஏ-டி என்றொரு விளையாட்டு இருக்கிறது, மேற்கோள் இல்லாவிட்டால் அதைப் பூஜ்யம் ஒரு கணு, ஏ-டி இன்னொரு கணு என்று பிரித்துவிடும். நோட், எட்ஜ், கிராஃப், ஸ்ட்ரிக்ட் ஆகியவை பெரிய எழுத்தில் எழுதினாலும் டாட் மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்கள். அந்தப் பெயரில் பேக்கேஜ் இருந்தால் மேற்கோள் இல்லாமல் பிழைக்காது.

பைத்தானின் கிராஃப்விஸ் நூலகம் மேற்கோளைத் தானே போடும், ஆனால் எட்ஜ் அழைப்பில் முக்காற்புள்ளி வந்தால் அதைக் கணுவின் போர்ட் என்று பிரித்துக்கொள்ளும். மேவன் பெயர்களில் முக்காற்புள்ளி இரண்டு மூன்று இருக்குமே! குழுப்பெயர் மட்டும் கணுவாகி, ஒரே குழுவின் எல்லா ஆர்ட்டிஃபாக்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிழை சொல்லி நிற்காது. கணுவுக்கு என்1, என்2 என்று உள்பெயர் வைத்துவிட்டு உண்மைப் பெயரை லேபிளில் கொடுப்பது பாதுகாப்பு.

ஒரே அம்பு இரண்டு தடவை எழுதப்பட்டால் இரண்டு கோடு வரும். ஸ்ட்ரிக்ட் டைகிராஃப் என்று தொடங்கினால் ஒன்றாகிவிடும்.

#15 நிழல்நூலகம்

இதுவரை பேசியதெல்லாம் எழுதி வைத்த சார்பு. உண்மையில் ஏற்றப்படுவது வேறாக இருக்கலாம். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தை (அந்தச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது) நினைத்துப் பாருங்கள். ஓபன்எஸ்எஸ்எச்சின் மூலநிரலில் லிப்எல்இசட்எம்ஏ (எக்ஸ்இசட்டின் நூலகம்) எங்கும் இல்லை. சில விநியோகங்கள் சிஸ்டம்டி அறிவிப்புக்காக ஒட்டுப்போட்டதால் எஸ்எஸ்எச்டி -> லிப்சிஸ்டம்டி -> லிப்எல்இசட்எம்ஏ என்று பாதை உருவானது. மேல்மூலத்தின் சார்புப் பட்டியலை வரைந்தவருக்கு அந்தப் பாதை தெரிந்திருக்காது. விநியோகத்தின் பைனரியை ரீட்எல்ஃப் கொண்டு பார்த்து, நீடட் வரிகளை (அந்த பைனரி நேரடியாகக் கேட்கும் நூலகங்கள்) அம்பாக்கியவருக்குத் தெரிந்திருக்கும். எல்டிடி கொடுப்பது தட்டையான முழுப்பட்டியல், யார் யாரைக் கேட்டார் என்பது அதில் போய்விடும். பேக்ஸ்-யூட்டில்ஸின் எல்டிடி-ட்ரீ அதைக் காட்டும்.

பிறகு சிஸ்டம்டி அந்தச் சுருக்க நூலகங்களை டிஎல்-ஓபன் வழியாகத் தேவைப்படும்போது ஏற்றும்படி மாற்றியது. தாக்குதல் பரப்பு குறைந்தது, ஆனால் நீடட் வரியும் மறைந்தது. அதை ஈடுகட்டத்தான் எல்ஃப் (லினக்ஸ் பைனரி வடிவம்) கோப்பிலேயே டிஎல்-ஓபன் குறிப்பு எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். உங்கள் கருவி அதைப் படிக்காவிட்டால் படத்தில் அந்த அம்பு இல்லை.

ஜாவாவில் இதற்கு இணையானது ஷேடிங். 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் பாதுகாப்புக் குறை வெளியானபோது மேவன் மரத்தில் தேடி இல்லை என்று நிம்மதியானவர்கள், வேறொரு ஜாருக்குள் அரைத்துச் சேர்க்கப்பட்ட வகுப்புகளைத் தவறவிட்டார்கள். ஜாரைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் (மென்பொருளின் உட்கூறுப் பட்டியல் வடிவங்கள்) கோப்பிலிருந்து வரைபவர்கள் முதலில் அதில் உறவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல கருவிகள் பெயர்ப்பட்டியலை மட்டும் தருகின்றன, அம்பில்லாத கணுக்கூட்டம்.

#16 மூலநிரல்

எல்லாவற்றிலும் அதிகம் பயன்படும் படம் வித்தியாசப் படம் என்பேன். பழைய லாக்ஃபைலின் அம்புகளையும் புதியதன் அம்புகளையும் வரிக்கு ஒன்றாக எழுதி, அகர வரிசைப்படுத்தி, டிஃப் எடுங்கள். வந்தவை பச்சை, போனவை சிவப்பு விட்டுவிட்டு வரும் கோடு, இரண்டிலும் உள்ளவற்றில் வேரிலிருந்து மாற்றத்துக்குப் போகும் பாதை மட்டும் சாம்பல். ஒரு பதிப்பு ஏற்றத்தில் மாறுவது பெரும்பாலும் ஒரு கைப்பிடிதான். பெயர்@பதிப்பு வைத்திருப்பதால் பதிப்பு மாறியதே ஒன்று போய் ஒன்று வந்ததாகத் தெரியும். அவற்றை ஒரே பெட்டியில் பழையது, புதியது என்று இரண்டு வரியாகப் போட்டால் படம் இன்னும் பாதியாகும்.

வரிசைப்படுத்துவது டிஃப்புக்காக மட்டுமல்ல. டாட் உள்ளீட்டு வரிசையைப் பொறுத்து இடம் ஒதுக்கும். வரிசை மாறினால் அதே கிராஃபே அடுத்த வாரம் வேறு படமாக நிற்கும்.

மெர்மெய்டில் (உரையிலிருந்து படம் வரையும் கருவி) ஒட்ட நினைப்பவர்களுக்கு: இயல்பான வரம்பு 500 அம்பு. அதற்கு மேல் பிழை. வரம்பை உயர்த்துவதைவிடக் கிராஃபை வெட்டுவது மேல்.

#17 அம்புக்குறி

இரு பக்கமும் எட்டுவதை வெட்டி, நான்கு வளையத்தை மடித்து, டி-ரெட் போட்டதில் 23 கணு, 31 அம்பு. டாட் ஒரு நொடிக்குள் முடித்தது. எஸ்விஜியில் எல்லாப் பெயரும் படிக்க முடிகிறது. ஒன்று மட்டும் பாக்கி. ஒரே ஸ்கோப்பை (பெயரின் முன்னால் வரும் குழுப்பெயர்) சேர்ந்தவற்றை ஒரு பெட்டிக்குள் போட சப்கிராஃப் எழுதினால் பெட்டியே வருவதில்லை.

#18 கரும்பலகை

சப்கிராஃபின் பெயர் க்ளஸ்டர் என்ற சொல்லில் தொடங்க வேண்டும் (புதிய பதிப்புகளில் க்ளஸ்டர் பண்பை ட்ரூ ஆக்கினாலும் போதும்), இல்லாவிட்டால் அது வெறும் தொகுப்பு, பெட்டி வராது. டாட், எஃப்டிபி, ஓசேஜ் மூன்றும் பெட்டி போடும். நீட்டோவும் எஸ்எஃப்டிபியும் போடாது. பெட்டியின் விளிம்பிலேயே அம்பு நிற்க வேண்டுமென்றால் கிராஃபில் காம்பவுண்ட் பண்பை ட்ரூ ஆக்கி, அம்பில் எல்ஹெட் பண்புக்கு அந்த க்ளஸ்டரின் பெயரைக் கொடுங்கள். அம்பின் தலைக்கணு அதே பெட்டிக்குள் இருந்தாக வேண்டும், வேறு பெட்டியில் இருந்தால் எச்சரித்துவிட்டுச் சாதாரண அம்பாகவே வரைந்துவிடும்.